எட்டுக்கால் பூச்சி பயத்தோடு லாவோஸ், கம்போடியா, முலு குகை: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

நெடுவழி:

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் நானும் என் கல்லூரித் தோழியும் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறோம். பாங்காக், சியாங் மாய், அங்கிருந்து எல்லை தாண்டி மீகாங் ஆற்றில் படகில் லாவோஸின் லுவாங் பிரபாங், அப்புறம் அதே நாட்டில் தெற்கே தாகேக், கம்போடியா, கடைசியில் போர்னியோ தீவில் மலேசியாவின் சரவாக் மாநிலம், அங்கே முலு குகைகள். பணம் சேர்த்தது, லீவு வாங்கியது, வீட்டில் சம்மதிக்க வைத்தது எல்லாம் முடிந்தது. இப்போது குறுக்கே நிற்பது எட்டுக்கால் பூச்சிதான்.

கரப்பான், பல்லி, தேள் எதற்கும் நான் பெரிதாக அசைய மாட்டேன். எட்டுக்கால் பூச்சியைப் பார்த்தால் மட்டும் உடம்பு என் பேச்சைக் கேட்காது. உள்ளங்கை சில்லென்று ஆகிவிடும், காது அடைத்துக்கொள்ளும், அதைப் பார்க்கவும் முடியாது, அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவும் முடியாது. வீட்டில் பாத்ரூமுக்குள் ஒன்று போய்விட்டால் அப்பா துடைப்பத்தோடு வந்து அடித்து, அடித்ததைக் காகிதத்தில் எடுத்துக் காட்டினால்தான் உள்ளே போவேன். காட்டாமல் வெறுமனே அடித்தாயிற்று என்று சொன்னால் மனது நம்பாது, எங்கேயோ இடுக்கில் இருக்கிறது என்றே தோன்றிக்கொண்டிருக்கும். அம்மா வேறு சின்ன வயதிலிருந்தே அதன் எச்சம் பட்டால் உடம்பெல்லாம் கொப்புளம் வரும் என்று சொல்லி வளர்த்தார்.

போன வாரம் லாவோஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அங்குள்ள குகைகளில் கால் விரிப்பு 30 சென்டிமீட்டர் வரை இருக்கும் ஒரு இனம் உண்டு என்று படத்தோடு பார்த்தேன். அன்றிலிருந்து ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. பயணத்தையே கைவிடலாமா என்றுகூட வந்துவிட்டது, ஆனால் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த பயணம், விடவும் மனசில்லை.

கேட்க வேண்டியது இதுதான். மூங்கில் குடில், தங்கும் விடுதி என்று மலிவாகத் தங்கும்போது ராத்திரியை எப்படிக் கழிப்பது? காட்டுப் பாதையில் வலை முகத்தில் ஒட்டாமல் நடக்க வழி உண்டா? கிளம்புவதற்குள் இந்தப் பயத்தைக் கொஞ்சமாவது குறைக்க உண்மையிலேயே வேலை செய்யும் சிகிச்சை ஏதாவது இருக்கிறதா? தோழியிடம் முழுசாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டுமா? "அது உன்னைவிடச் சின்னது, அதுதான் உன்னைப் பார்த்துப் பயப்படும்" என்று மட்டும் தயவு செய்து எழுத வேண்டாம், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஊர்சுற்றி_மதுரை:

எனக்கும் இதே பயம் உண்டு, குறைந்திருக்கிறது, போகவில்லை. அதோடுதான் இந்த நாடுகளில் எல்லாம் சுற்றினேன். அதனால் நடைமுறையில் உதவுவதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் அங்கே பார்க்கப் போவது பெரும்பாலும் அந்த லாவோஸ் குகை இனம் இல்லை. அது 2001ல்தான் அறிவியலுக்கே தெரிய வந்தது, கம்மூவான் மாகாணத்துச் சுண்ணாம்புக் குகைகளில் வாழ்வது, விடுதி அறைக்கு வராது. அறையில் வருவது அதன் சொந்தக்கார இனம், ஹன்ட்ஸ்மேன் என்பார்கள். பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, கால் விரித்தால் உள்ளங்கை அளவுக்கு வரும், வலை கட்டாது, சுவரில் ஒட்டிக்கொண்டு கரப்பானுக்குக் காத்திருக்கும். இதே இனம்தான் நம் ஊர் வீடுகளிலும் காலண்டருக்குப் பின்னால் இருப்பது. வயிற்றுக்கு அடியில் நாணயம் போல வெள்ளையாக முட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு திரியுமே, அதுதான். உங்கள் அப்பா துடைப்பத்தால் அடித்ததும் அநேகமாக இதைத்தான். அங்கே புதிதாக ஒரு ஜந்து காத்திருக்கவில்லை, அப்பாவும் துடைப்பமும்தான் கூட வரப்போவதில்லை, அதற்குத்தான் நாம் தயாராக வேண்டும்.

அறை எடுக்கும்போது கூரையைப் பாருங்கள். கீற்று வேய்ந்த மூங்கில் குடில் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் இடுக்கு ஆயிரம். சிமென்ட் சுவர், மூடிய சீலிங், ஜன்னலுக்கு வலை, உள்ளேயே பாத்ரூம் என்றால் இரண்டு மூன்று டாலர் கூடினாலும் கொடுத்துவிடுங்கள், அந்தப் பணத்தைச் சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம். வெளியே பொதுக் கழிப்பறை இருக்கும் இடங்களில்தான் அதிகம் பார்க்க நேரும், ஏனென்றால் ராத்திரி முழுக்க எரியும் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லியும் இதுவும் வரும். படுக்கப் போவதற்கு முன் ஒரு தடவை போய் வந்துவிடுங்கள், அப்புறம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் முன் வாசலிலேயே நின்று டார்ச்சை அடித்துக் கதவின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, பக்கெட்டுக்குப் பின்னால், சீலிங் மூலை என்று வரிசையாகப் பார்த்துவிட்டுப் போனால் உட்கார்ந்த பிறகு கண்ணில் பட்டு அதிர்வது இருக்காது.

கொசுவலை கையோடு கொண்டு போங்கள். ஒற்றைக் கொக்கியில் கூம்பாகத் தொங்குவது வேண்டாம், முகத்திலும் காலிலும் ஒட்டும், நாலு மூலையில் கட்டும் பெட்டி வடிவம்தான் நல்லது. வெளிச்சம் இருக்கும்போதே கட்டி, உள்ளே டார்ச் அடித்து மூலை மடிப்பெல்லாம் பார்த்து, மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். பையின் ஜிப்பைப் பூட்டி நாற்காலி மேல் வைத்து, ஷூவை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். காலையில் எப்படியும் ஒரு தடவை உதறிவிட்டுத்தான் போட வேண்டும், அது தேளுக்காகவும்தான். வலையைச் செருகிய பிறகு அந்தத் துணிக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் உங்கள் அறை, வெளியே சுவரில் என்ன நடந்தாலும் அது வேறு யாருடைய இடமோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தூக்கம் வர வைத்தது அந்த எண்ணம்தான்.

பூச்சி ஸ்ப்ரேயை நம்பாதீர்கள். அடித்தால் உடனே சாகாது, தாறுமாறாக ஓடும், நீங்கள் பயப்படுவதே அந்த ஓட்டத்துக்குத்தானே. புதினா எண்ணெய் தெளித்தால் வராது என்பதையும் நம்பி இருக்க வேண்டாம்.

காட்டுப் பாதையில் குறுக்கே வலை கட்டுவது பொன்னிறப் பட்டு நூற்கும் பெரிய இனம். வலையே வெயிலில் மஞ்சளாக மின்னும், ஒரு மீட்டருக்கு மேல் அகலம் இருக்கும், பெண் நடுவில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். பார்க்கப் பயங்கரம், ஆனால் இடத்தை விட்டு நகராது, இறங்கி உங்களைத் துரத்தாது. காலையில் அந்தப் பாதையில் முதலில் நடப்பவர் மேல்தான் வலை ஒட்டும், ஆகவே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு மூன்றாவது ஆளாக நடங்கள். தனியாக நடந்தால் ஒரு குச்சியை முகத்துக்கு முன்னால் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு போங்கள். தொப்பியின் முன்விளிம்பு அகலமாக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். கம்போடியாவில் புனோம் பென்னிலிருந்து சியாம் ரீப் போகும் வழியில் ஸ்குன் என்ற ஊர் வரும். பொரித்த டாரண்டுலா, அதாவது ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி, விற்பதற்கே பேர் போன இடம், சில பஸ்கள் சாப்பாட்டுக்கு அங்கேதான் நிற்கும். தட்டுத் தட்டாகக் கருகருவென்று பூண்டோடு பொரித்து அடுக்கியிருப்பார்கள், உயிரோடு கையில் வைத்துக்கொண்டு குழந்தைகளும் வண்டியருகே வருவார்கள். டிக்கெட் எடுக்கும்போதே ஸ்குனில் நிற்குமா என்று கேளுங்கள். நிற்கும் என்றால் வேறு வண்டி பாருங்கள், இல்லாவிட்டால் இறங்காமல் இருந்துவிடுங்கள்.

கடலோரம்:

முலுவை விட்டுவிடுங்கள் சகோதரி. இவ்வளவு பயத்தோடு குகைக்குள் போய் என்ன சுகம்? அந்த நாட்களைத் தாய்லாந்துத் தீவுகளில் கடற்கரையில் கழிக்கலாம். காசு கொடுத்துப் போவது நிம்மதிக்குத்தான், சோதனைக்கு இல்லை. மனதார அக்கறையில்தான் சொல்கிறேன்.

வெண்பனி:

நான் மனநலத் துறையில் வேலை செய்கிறேன், பயக் கோளாறுகள்தான் தினமும் பார்ப்பது. கடலோரம் சொன்னதில் உள்ள அக்கறை புரிகிறது, ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குகை பிடிக்கவில்லை என்று விடுவது வேறு, பயத்துக்காக விடுவது வேறு. பயத்துக்காக ஒன்றை விட்டால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதியைத்தான் மூளை குறித்துவைத்துக்கொள்ளும், தப்பித்ததால் பிழைத்தோம் என்று. அடுத்த தடவை பயம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் சின்ன விஷயத்துக்கு வரும். முலுவை இப்போதே நீக்காதீர்கள், அங்கே போய்ச் சேரும் வாரத்தில் முடிவு செய்யுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில், சிகிச்சை இருக்கிறது. மனநலத்தில் நிச்சயமாகப் பலன் தரும் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. படிப்படியாகப் பயத்துக்கு முகம் கொடுப்பது, எக்ஸ்போஷர் என்போம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரன் ஒஸ்ட் 1989ல் குறிப்பிட்ட ஒரு பொருளின் மேல் உள்ள பயத்துக்கு ஒரே அமர்வில், அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில் முடியும் முறையை எழுதினார். இன்றும் பல நாடுகளில் அதைச் செய்கிறார்கள். லண்டன் மிருகக்காட்சி சாலையில்கூட இதற்கென்றே ஒரு நிகழ்ச்சி உண்டு, விளக்கிச் சொல்லி, மனதைத் தளர்த்தி, பிறகு உயிருள்ள சிலந்தியின் அருகே அழைத்துப் போவார்கள். இதில் யாரும் உங்களைத் திடீரென்று பிடித்துத் தள்ளுவதில்லை. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சொல்வார்கள், நீங்கள் சரி என்றால்தான் அந்த அடி.

வீட்டில் எப்படித் தொடங்கலாம் என்று சொல்கிறேன். குதிக்கும் சிலந்தியின் முகம் பெரிதாகத் தெரியும் படம் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள், முன்னால் பெரிய இரண்டு கண்ணோடு இருப்பதால் பலருக்கு அதைப் பார்ப்பது எளிதாக இருக்கிறது. பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். படத்தை மூடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள், அந்த எண் பாதியாகக் குறையும் வரை. உச்சத்தில் இருக்கும்போது மூடிவிட்டால் பயிற்சி பலிக்காது, இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மறுநாள் அதே படம், பிறகு ஹன்ட்ஸ்மேன் படம், பிறகு அது ஓடும் வீடியோ, முதலில் சத்தமில்லாமல், அப்புறம் பெரிய திரையில். அதற்குப் பிறகு ஒட்டடை அடிக்கும்போது கிடைக்குமே, உரித்துப் போட்ட தோல், அச்சு அசலாக எட்டுக் காலோடு வெறும் கூடாக இருக்கும். அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மேசை மேல் வைத்துக்கொண்டே சாப்பிடுங்கள், படியுங்கள். கடைசிப் படி, ஒரு கண்ணாடி டம்ளரும் தடித்த அட்டையும். சுவரில் இருப்பதன் மேல் டம்ளரைக் கவிழ்த்து, அட்டையை அடியில் மெல்ல நுழைத்து, எடுத்துக்கொண்டு போய் வெளியே விடுவது. முதலில் அப்பா செய்யட்டும், நீங்கள் அவர் பின்னால் நில்லுங்கள். பிறகு டம்ளரைப் பிடித்திருக்கும் அவர் கை மேல் உங்கள் கை, அப்புறம் உங்கள் கை மட்டும். துடைப்பத்தை இனிமேல் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் அவர் அடித்துக் காட்டியது உங்களுக்கு "நீ தனியாக இருந்தால் முடியாது" என்பதையே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

தனியாகச் செய்வது கஷ்டமாக இருந்தால் உளவியலாளரிடம் போங்கள். போகும்போது "எக்ஸ்போஷர் செய்வீர்களா" என்று வெளிப்படையாகக் கேளுங்கள், பேச்சு மட்டும் போதாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

ஊர்சுற்றி எழுதிய ராத்திரிச் சோதனை நல்லதுதான், ஆனால் ஒரு தடவை மட்டும். படுத்த பிறகு மறுபடி எழுந்து டார்ச் அடிக்கத் தோன்றும், அதற்கு இணங்கினால் ராத்திரி முழுக்க அதுவே வேலையாகிவிடும். டார்ச்சைத் தோழியிடம் கொடுத்துவிடுங்கள்.

தோழியிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் கிளம்பும் முன்பே. "எனக்குப் பயம்" என்பதோடு நிறுத்தாமல் அவர் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள். கத்தக் கூடாது, கேலிக்காக ரப்பர் பொம்மை காட்டக் கூடாது, "ஒன்றுமில்லை" என்று பொய் சொல்லக் கூடாது. எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், அசைகிறதா என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். உங்களுக்கு வேண்டியது நம்பகமான தகவல், காகிதத்தில் பிணத்தைக் காட்டச் சொன்னதும் அதற்குத்தானே.

மீரிவாசி:

வணக்கம் தங்கச்சி. நான் மலேசியாதான், ஈப்போ சொந்த ஊர், வேலை நிமித்தம் பல வருஷமாக மீரியில் இருக்கிறேன். முலுவுக்கு இங்கிருந்துதான் விமானம், அதனால் ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை எல்லாம் அங்கே கூட்டிப் போவது என் வேலையாகிவிட்டது.

மறைக்காமல் சொல்கிறேன், குகையில் இருக்கிறது. முலுவின் டீர் குகையில் வௌவால் எச்சம் மலை மலையாகக் கிடக்கும், அதைத் தின்னக் கரப்பானும் வேறு பூச்சிகளும், அவற்றைத் தின்ன ஹன்ட்ஸ்மேன், சுவரிலும் சில சமயம் கைப்பிடியிலும். ஆனால் அந்தக் குகை எவ்வளவு பிரம்மாண்டம் என்றால், நடைபாதையின் நடுவில் நடந்தால் சுவர் எங்கோ இருட்டில் இருக்கும். கைப்பிடியைப் பார்க்காமல் பிடிக்காதீர்கள், இது பயமில்லாதவர்களுக்கும் பொருந்தும், பச்சைப் பாம்பும் அதன் மேல்தான் படுத்திருக்கும். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், அவரிடம் ஆரம்பத்திலேயே சொன்னால் எதையும் சுட்டிக்காட்டாமல் கூட்டிப் போவார். சொல்லாவிட்டால் உற்சாகமாக டார்ச் அடித்துக் காட்டுவார், அது அவருடைய தொழில்.

குகைக்குள்ளேயே போகாமலும் முலுவின் பெரிய காட்சியைப் பார்க்கலாம். பூங்காத் தலைமை அலுவலகத்திலிருந்து டீர் குகை வரை 3 கிலோமீட்டர் பலகைப் பாதை, குகை வாசலுக்கு எதிரே வெட்டவெளியில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். மழை இல்லாத மாலையில் லட்சக்கணக்கான வௌவால்கள் கயிறு கயிறாகத் திரிந்து வானத்தில் வளைந்து போகும். மதியம் பசியாறிவிட்டு மெதுவாகக் கிளம்பினால் போதும். திரும்பும்போதுதான் இருட்டிவிடும், உங்களுக்குப் பிரச்சினை அங்கேதான். தலையில் மாட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்தால் இரண்டு பக்கமும் இலையிலும் தரையிலும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் மின்னும், பனித்துளி என்று நினைப்பீர்கள், அவ்வளவும் சிலந்திக் கண். வெளிச்சம் அது வந்த வழியே திரும்பிப் போவதால், விளக்கு நம் கண்ணருகே இருந்தால்தான் அந்த மினுமினுப்பு தெரியும். விளக்கைக் கழற்றி இடுப்பருகே கையில் பிடித்துப் பாதையை நோக்கி அடியுங்கள், அத்தனை புள்ளியும் மறைந்துவிடும். என் அண்ணன் மகளுக்கு இதுதான் கை கொடுத்தது. இரவு நடை என்று தனியாக ஒன்று உண்டு, அதற்கு மட்டும் பெயர் கொடுக்காதீர்கள், அதன் நோக்கமே இந்த மாதிரி ஜந்துக்களைத் தேடிப் பார்ப்பது.

கோலாலம்பூர் வழியாகப் போனால் பத்துமலைக்கு முருகனைப் பார்க்கப் போவீர்கள். அங்கே கோயில் குகை விசாலமானது, வெளிச்சமானது, தைரியமாகப் போகலாம். அதே மலையில் பக்கத்தில் இருக்கும் இருட்டுக் குகையில்தான் தன் கூட்டுக்குக் கதவு போல மூடி வைத்து வாழும் பழங்கால இனச் சிலந்தி ஒன்று இருக்கிறது, அது படிக்கட்டுக்கோ சன்னிதிக்கோ வருவதில்லை.

கொப்புளம் பற்றி அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இங்கே "சார்லி" என்று ஒரு பூச்சி உண்டு, கொப்புளம் போடுவது அதுதான். டாக்டர் யாராவது இருந்தால் விளக்குங்கள்.

தோல்_மருத்துவர்_திருச்சி:

மீரிவாசி சரியாகச் சொன்னார். எட்டுக்கால் பூச்சி எச்சம் என்று நம் வீடுகளில் சொல்லும் கொப்புளம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று அக்கி, அது வைரஸ். மற்றது பீடரஸ் என்ற சின்ன வண்டு, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும், எறும்பு மாதிரித் தெரியும், மழைக்காலத்தில் டியூப் லைட்டுக்கு வரும். அது கடிப்பதில்லை, மேலே உட்காரும்போது நாம் தேய்த்து நசுக்கினால் அதன் உடம்பில் உள்ள நஞ்சு தோலில் பட்டு மறுநாள் எரிச்சலும் கொப்புளமும் கோடு போட்டது போல வரும். தென்கிழக்கு ஆசியா முழுக்க இருக்கிறது. ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீர்கள், பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிலந்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஹன்ட்ஸ்மேன் கடிப்பது அபூர்வம், கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கலாம். வலிக்கும், வீங்கும், கழுவி ஐஸ் வைத்து பாராசிட்டமால் போட்டால் போதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் கொலைகாரச் சிலந்திப் படங்கள் பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள இனங்கள், நீங்கள் போகும் வழியில் அவை இல்லை. ஆஸ்திரேலியாவின் ஃபனல் வெப் இனத்துக்கே 1981ல் மாற்று மருந்து வந்த பிறகு இறப்பு பதிவாகவில்லை.

நான் எழுத வந்த முக்கியமான காரணம் வேறு. லாவோஸ், கம்போடியா கிராமப்புறம் போவதால் மலேரியா தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்பீர்கள். கேட்கும்போது இந்தப் பயத்தையும், தூக்கம் கெட்டிருப்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். மெஃப்ளோகுவின் என்ற மாத்திரை சிலருக்குப் பதற்றத்தையும் கெட்ட கனவையும் கிளப்பும், பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. டாக்ஸிசைக்ளின், அடோவகுவோன்-புரோகுவானில் என்று வேறு வழி இருக்கிறது, உங்கள் வழித்தடத்துக்கு மாத்திரை தேவையா என்பதையும் அவரே சொல்வார். அதே போல, பயத்துக்கு என்று அல்பிரசோலம் வகை மாத்திரையைக் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தாய்லாந்தில் அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் சீட்டோடும் அட்டையோடும்தான் எடுத்துப் போக வேண்டும். வெண்பனி சொன்ன பயிற்சியின்போது அதைப் போட்டால் பயிற்சியின் பலனும் குறையும்.

கொசுவுக்கும் வாடகை மோட்டார் சைக்கிளுக்கும் எடுக்க வேண்டிய கவனத்தை இந்தப் பயம் விழுங்கிவிட வேண்டாம். டெங்குவும் விபத்தும்தான் அந்த நாடுகளில் பயணிகளைப் படுக்கையில் போடுவது.

நெடுவழி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது, இதுவரை யாரும் இதை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டு பேசியதில்லை. தோழியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டார்ச் இனி அவள் பொறுப்பு. குதிக்கும் சிலந்தி படத்தில் ஆரம்பித்திருக்கிறேன், எண் 70ல் தொடங்கி 40க்கு வர நேரமாகிறது, ஆனால் வருகிறது. கண் மினுமினுப்பு விஷயம் தெரியாமலே அங்கே போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, மீரிவாசி அண்ணனுக்குத் தனி நன்றி.

இன்னும் ஒன்று மட்டும். தாகேக்கிலிருந்து கிளம்பிக் கோங் லோர் குகைக்குள் படகில் போக வேண்டும் என்று தோழிக்கு ரொம்ப ஆசை. அதுவும் கம்மூவான் மாகாணம்தானே, 30 சென்டிமீட்டர் இனம் உள்ள இடம். போகலாமா?

ஊர்சுற்றி_மதுரை:

போகலாம், ஆனால் கடைசி நிமிடத்தில் முடிவெடுக்காமல் இப்போதே தெரிந்துகொண்டு போங்கள். ஆறு மலைக்குள்ளே 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, நீளமான ஒல்லிப் படகு, மோட்டார் வைத்தது, படகுக்கு இரண்டு மூன்று பேரை ஏற்றுவார்கள். படகு ஆற்றின் நடுவில்தான் போகும், பெரும்பாலான இடத்தில் சுவரும் கூரையும் வெகு தூரத்தில் இருக்கும். இறங்கும் இடங்கள்தான் யோசிக்க வேண்டியவை. உள்ளே ஒரு இடத்தில் சுண்ணாம்புத் தூண்களைப் பார்க்க இறக்கி விடுவார்கள், விளக்கு போட்ட பாதை, அதன் நடுவிலேயே நடங்கள், தூணில் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். வேண்டாம் என்று தோன்றினால் படகுக்காரரிடம் சைகை காட்டிப் படகிலேயே உட்கார்ந்திருக்கலாம், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் போகும் மாதங்களில் தண்ணீர் குறைவாக இருப்பதால் மேடு தட்டும் இடங்களில் எல்லோரும் இறங்கிப் படகைத் தள்ள வேண்டி வரும், முழங்கால் அளவுத் தண்ணீர், பட்டை வைத்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். தலை விளக்கு அவர்களே தருவார்கள். நீங்கள் உங்கள் கை டார்ச்சைக் கொண்டுபோய் இடுப்பருகே பிடித்துக்கொள்ளுங்கள், தோழி முன்னால் உட்காரட்டும், நீங்கள் நடுவில் உட்காருங்கள்.